நாற்பது வயதுக்குப் பிறகு அலைச்சறுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவலத்திலும் மாமல்லபுரத்திலும் விடியற்காலையில் பலகையைத் தலையில் சுமந்தபடி கடலை நோக்கி நடப்பவர்களில் இப்போது நடுவயதினரும் பலர் இருக்கின்றனர். பலகையில் நின்று அலைமீது சறுக்கிவரும் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) என்னும் இந்த விளையாட்டை நானும் நாற்பதைக் கடந்த பிறகே கற்கத் தொடங்கினேன். நண்பர்களும் உறவினர்களும் அலுவலகத் தோழர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து, என் அனுபவத்தில் உறுதிப்பட்ட பதில்களைத் தந்திருக்கிறேன். அலைச்சறுக்கைப் பற்றிய கேள்விகளும் அதன் வழியே வாழ்க்கையைப் பற்றி எழும் கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தே வருவதால், அவற்றைப் பிரித்து வைக்கவில்லை.

நாற்பது வயதுக்கு மேல் இதைக் கற்க முடியுமா?

முடியும். தொடக்க நிலையில் தரப்படும் பலகை எட்டு முதல் ஒன்பது அடி நீளமும் நல்ல அகலமும் உடையது. மேற்பரப்பு மென்மையான நுரைப்பொருளால் ஆனது. அது எளிதில் கவிழாது, மேலே விழுந்தாலும் பெரிய காயம் ஏற்படாது. ஒரு பதின்வயதுச் சிறுவன் சில வாரங்களில் அடையும் நிலையை எட்ட நமக்குப் பல மாதங்கள் ஆகலாம். அந்த வேறுபாட்டை முதல் நாளிலேயே ஏற்றுக்கொண்டவர்கள் நீடிக்கிறார்கள். ஏற்க மறுப்பவர்கள் மூன்றாம் நான்காம் வகுப்போடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இதய நோய், வலிப்பு, தோள்மூட்டு விலகிய வரலாறு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கடலில் இறங்கக் கூடாது.

நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா?

முதல் சில வகுப்புகள் இடுப்பளவு நீரில்தான் நடக்கும், பயிற்றுநர் அருகிலேயே நிற்பார், பலகையோ மிதக்கும் பொருள். ஆகவே நீச்சல் தேவையில்லை என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. பலகையையும் கணுக்காலையும் இணைக்கும் கயிறு அறுந்துவிட்டால், உங்களுக்கும் கரைக்கும் இடையே உங்கள் கைகால்களைத் தவிர வேறெதுவும் இல்லை. அலைச்சறுக்கை உலகமெங்கும் பரப்பிய ஹவாய்க்காரரான டியூக் கஹானமோக்கு, 1912ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். 1925இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் கடற்கரை அருகே ஒரு படகு கவிழ்ந்தபோது, தம் பலகையோடு அலைகளுக்குள் பலமுறை சென்று எட்டுப் பேரை அவர் கரை சேர்த்தார். பலகை ஒரு மீட்புக் கருவியாகவும் பயன்படும் என்பதை அந்நிகழ்ச்சி பலருக்கும் உணர்த்தியது. ஆயினும் அதை அப்படிப் பயன்படுத்தியவர் முதலில் ஒரு நீச்சல்காரர் என்பதை நாம் மறக்கக் கூடாது. குளத்தில் நிற்காமல் 200 மீட்டராவது நீந்தும் நிலையை அடைந்த பின் கடலுக்கு வருவதே என் பரிந்துரை.

எங்கே, எந்த மாதத்தில் தொடங்கலாம்?

கோவலமும் மாமல்லபுரமும் தமிழ்நாட்டில் இவ்விளையாட்டின் முதன்மையான இடங்கள். கோவலத்தில் மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன், தாமே அலைச்சறுக்கைக் கற்றுக்கொண்டு ஊர் இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2010களின் தொடக்கத்தில் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி உருவானது. புகைக்கவும் குடிக்கவும் கூடாது, அலைச்சறுக்கு மட்டுமே என்பதை அவ்வூர் இளைஞர்களுக்கு மூர்த்தி ஒரு விதியாகவே வைத்தார். இன்று அந்தக் கடற்கரையில் கற்பிப்பவர்களில் மிகப் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் புதியவர்களுக்கு ஏற்றது; அலைகள் சிறியவையாகவும் ஒழுங்காகவும் இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தெற்கு இந்தியப் பெருங்கடலில் தொலைவில் எழும் புயல்களின் வீச்சு நம் கரைக்கும் வந்து சேர்வதால் அலைகளின் வலிமை கூடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்சின்னங்களும் கடலைக் கலக்கிவிடும். நாளின் எல்லா வேளைகளும் ஒன்றல்ல என்பதையும் அறிந்து வைத்திருங்கள். முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து அலைகளைச் சிதைக்கும். ஆகவே விடியலே சிறந்த நேரம்.

இது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

வேறு விளையாட்டுகளில் ஒரே செயலை ஒரே சூழலில் நூறு முறை செய்து பார்க்கலாம். டென்னிஸ் கற்பவர் சுவரில் பந்தை அடித்துப் பழகுகிறார். கிரிக்கெட் கற்பவருக்கு வலைக்குள் ஒரே இடத்தில் பந்து வீசித் தர ஆள் கிடைக்கிறது. கடலில் ஒரே அலை இரண்டு முறை வருவதில்லை. ஒவ்வொரு அலையும் உயரத்திலும் வேகத்திலும் உடையும் இடத்திலும் மாறுபடுகிறது. நிற்கும் இடமும் நீரோட்டத்தால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இதற்கு மேல், பயிற்சிக்குக் கிடைக்கும் நேரமே மிகக் குறைவு. ஒரு மணி நேரம் கடலில் இருந்தாலும், தொடக்கநிலையாளர் பலகையின் மீது நின்றிருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தைத் தொடுவதே அரிது. மீதிப் பொழுதெல்லாம் நடப்பதிலும், கையால் துழாவுவதிலும், காத்திருப்பதிலும், விழுந்து எழுவதிலும் கழிகிறது.

பெரியவர்களுக்குக் கடினம் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் பல ஆண்டுகளாகத் தெரிந்ததைச் செய்தே வாழ்ந்து பழகியவர்கள். அலுவலகத்தில் நம்மைக் கேட்டுப் பிறர் முடிவெடுக்கிறார்கள். வீட்டிலும் பெரும்பாலான வேலைகள் கை பழகியவை. ஒன்றுமே தெரியாதவராக, பலர் பார்க்க, மீண்டும் மீண்டும் விழும் அனுபவம் இருபது ஆண்டுகளாக நமக்கு ஏற்பட்டிராது. முதல் மாதத்தில் உடல் படும் சிரமத்தைவிட இந்தச் சிரமமே பெரிது. உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் பழகிய வலிமையான மனிதர்கள் இரண்டாம் வாரத்தில் வராமல் போனதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பலகையில் எழுந்து நிற்பதற்கு என்ன வழி?

முதலில் மணலில் பழக்குவார்கள். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கவாட்டில் ஊன்றி, உடலை உயர்த்தி, ஒரே அசைவில் இரு கால்களையும் பலகையின் நடுக்கோட்டின் மீது கொண்டுவர வேண்டும். இடக்கால் முன்னே வருவோர் உண்டு, வலக்கால் முன்னே வருவோரும் உண்டு, இரண்டும் சரியே. முழங்காலிட்டுப் பின் எழும் பழக்கத்தை முதலிலேயே தவிர்த்துவிடுங்கள். அது ஒட்டிக்கொண்டால் விடுவது கடினம்.

மணலில் சரியாக வருவது நீரில் வராது. பெரும்பாலோர் எழும்போது தம் கால்களைக் குனிந்து பார்க்கிறார்கள். தலை குனிந்ததும் எடை முன்னே சாய்ந்து, பலகையின் மூக்கு நீருக்குள் குத்திக்கொள்கிறது. பயிற்றுநர் பின்னாலிருந்து, “கரையைப் பாருங்கண்ணா, கால் தானா வரும்!” என்று கத்துவது இதற்காகத்தான். இந்த அறிவுரைக்கு ஆராய்ச்சியின் வலுவும் உண்டு. உடலியக்கத் திறன்களை ஆராயும் கேப்ரியேல வுல்ஃப், பனிச்சறுக்குப் பயிற்சிப் பொறியில் நடத்தி 1998இல் தம் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வில், கற்பவர்களில் ஒரு பிரிவினரைத் தம் பாதங்களிலும் மற்றொரு பிரிவினரைப் பாதங்களுக்குக் கீழே இருந்த சக்கரங்களிலும் கவனம் வைக்கச் சொன்னார். சக்கரங்களைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றனர். உடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மேற்பார்வையிடும்போது, தானாக ஒருங்கிணைய வேண்டிய அசைவு தடைப்படுகிறது.

எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் இது. எதையும் படித்துப் புரிந்துகொண்டு, படிநிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் சரிபார்த்துச் செய்வதே நம்மில் பலருக்குப் படிப்பும் தொழிலும் கற்றுக்கொடுத்த முறை. அந்த முறை மிகச் சிறந்ததுதான்; ஆனால் இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும் ஒரு செயலில் அதற்கு இடமில்லை. புரிந்துகொள்ள வேண்டியதைக் கரையிலேயே புரிந்துகொண்டு, நீருக்குள் போன பிறகு பார்வையை மட்டும் சரியான இடத்தில் வைத்துவிட்டு உடலை நம்ப வேண்டியிருக்கிறது. மேடையில் பேசும்போதும் பழக்கமில்லாத சாலையில் வண்டி ஓட்டும்போதும் இதே உண்மையை இப்போது உணர்கிறேன்.

கடலில் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே, அது எதற்கு?

கரையிலிருந்து பார்ப்பவருக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். அவ்வேளையில் நடப்பதே இந்த விளையாட்டின் பெரும்பகுதி என்பதால், சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆழ்கடலில் அலை ஓடும்போது நீர் பயணம் செய்வதில்லை. நீர்த்துளிகள் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே வட்டமிட, ஆற்றல் மட்டும் முன்னே செல்கிறது. தரை மேடேறி ஆழம் குறையும் இடத்தில் அலையின் வேகம் தணிந்து, முதுகு நிமிர்ந்து, நீரின் ஆழம் அலை உயரத்தின் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகும்போது முகடு முன்னே சரிந்து உடைகிறது. ஆகவே கடலடி மணல்மேடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அலை உடையும். மேடு மாறினால் உடையும் இடமும் மாறும். அலைகள் ஒரே அளவிலும் வருவதில்லை. சிறிய அலைகள் சில நிமிடம் வந்துகொண்டிருக்கும். பிறகு பெரிய அலைகள் மூன்று நான்கு சேர்ந்தாற்போல வரும். மீண்டும் கடல் அடங்கும்.

இவற்றையெல்லாம் பார்க்கும் கண் வேண்டும். அடிவானத்தில் ஒரு கருங்கோடு தடிப்பது, சற்று முன்னே இருப்பவர் பலகை உயர்ந்து தாழ்வது, இடப்பக்கம் அலையின் தோள் (இன்னும் உடையாத பக்கவாட்டுப் பகுதி) சரிவது ஆகியவற்றைக் கொண்டு, எந்த அலையை விடுவது, எதற்காக எந்தத் திசையில் எவ்வளவு நகர்வது என்று முடிவெடுக்க வேண்டும். முதலில் நான் கண்ணில் பட்ட ஒவ்வொரு அலைக்கும் கையால் துழாவித் துரத்துவேன். ஒரு நாள் என் பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்ற பயிற்றுநர், நான் துழாவத் தொடங்கியபோது பலகையை விடவில்லை. “இது வேணாம்ணா. பின்னாடி வர்றதப் பாருங்க” என்றார். எனக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. அவர் விட்ட அலை எங்களைக் கடந்து, கொஞ்ச தூரத்தில் ஒரேயடியாக மடங்கி விழுந்தது. அதற்கடுத்தது வந்தபோது பலகையை மெல்ல இடப்பக்கம் திருப்பி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு தள்ளிவிட்டார். நான் செய்தது எழுந்து நின்றது மட்டுமே. மற்ற வேலை அனைத்தையும் அந்த அலை வருவதற்கு அரை நிமிடம் முன்பே அவர் முடித்திருந்தார்.

உழைப்பைக் கூட்டினால் விளைவு கூடும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த தலைமுறை நாம். அலுவலகத்தில் நேரம் போதவில்லை என்றால் இரவிலும் உட்காருகிறோம். பிள்ளை மதிப்பெண் குறைந்தால் இன்னொரு தனிவகுப்பில் சேர்க்கிறோம். கடலில் தவறான இடத்தில் நின்றுகொண்டு எவ்வளவு வேகமாகத் துழாவினாலும் அலை நம்மைக் கடந்து போகிறது. சரியான இடத்தில் இருப்பவரோ மூன்றே வீச்சில் அதைப் பிடித்துவிடுகிறார். உழைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே, எப்போது உழைப்பது என்பதைக் கண்டறியும் பொழுதும் உழைப்பின் ஒரு பகுதி என்பதையும், அதைச் செய்பவர் வெளிப்பார்வைக்குச் சும்மா இருப்பவராகவே தோன்றுவார் என்பதையும் நான் முழுமையாக ஏற்றுக்கொண்டது இங்கேதான். அதற்குப் பிறகு, அலுவலகத்தில் என் கீழ் பணிபுரியும் ஒருவர் சன்னல் வழியே பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தால் நான் குறுக்கிடுவதில்லை.

என்னைவிட இருபது வயது இளையவரிடம் கற்பது சங்கடமாக இருக்காதா?

தொடக்கத்தில் பலருக்கு இருக்கிறது. பயிற்றுநர் நம்மை “அண்ணா” என்றோ “சார்” என்றோ “அக்கா” என்றோ அழைப்பார். நாம் “தம்பி” என்போம். ஆனால் நீருக்குள் கட்டளை அவருடையது. “பேடில், பேடில்... அப்!” (துழாவு, துழாவு... எழு!) என்று அவர் கூவும்போது யோசிக்காமல் கீழ்ப்படிய வேண்டும், யோசித்தால் அலை போய்விடும்.

வயது வேறுபாட்டைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றும் இங்கே இருக்கிறது, அதை மறைக்காமல் பேசுவது நல்லது. கற்க வருபவர்கள் பெரும்பாலும் பட்டம் பெற்று நல்ல ஊதியத்தில் இருப்பவர்கள். கற்பிப்பவர்களில் பலர் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்கள். கடலைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்ததில் சிறு பகுதியைக்கூட நம் பள்ளியும் கல்லூரியும் நமக்குக் கற்பிக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, நீரின் நிறம் ஏன் மாறியது, இன்று மணல்மேடு எங்கே நகர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் கரையில் நின்று ஒரு முறை பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். தந்தையோடும் பெரியப்பாவோடும் சிறுவயதிலிருந்தே வலை இழுத்தும் படகு தள்ளியும் வந்த அறிவு அது. அதை ஏதோ இயல்பான திறமை என்று சொல்லிக் கடந்துவிடுவது அவர்களுடைய உழைப்பைச் சிறுமைப்படுத்துவதாகும்.

ஆகவே என் பதில் இதுதான்: சங்கடத்தைப் போக்க முயல வேண்டாம், கேள்வி கேளுங்கள். ஏன் இந்த இடம், ஏன் இந்த அலை, ஏன் இப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தால், சில வாரங்களில் சங்கடம் இருந்த இடத்தில் மரியாதை வந்துவிடுகிறது. கட்டணத்தில் பேரம் பேசுவது, வகுப்பு நேரத்துக்குப் பிந்தி வருவது, பலகையை மணலில் போட்டுவிட்டு நடப்பது ஆகியவை அந்த மரியாதைக்கு எதிரானவை.

அலைக்கு அடியில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? பயமாக இருக்கிறது.

பயம் இருப்பது நல்லது. பயமே இல்லாதவரோடு கடலில் இறங்க எனக்குத் தயக்கம் உண்டு. இடுப்பளவு அலை நம்மைச் சில நொடிகளே அடக்கி வைக்கும். மூச்சைப் பிடித்து, உடலைத் தளர்த்தி, இரு கைகளாலும் தலையைச் சுற்றிக்கொண்டால் அது தானாக விட்டுவிடும். எதிர்த்துப் போராடினால் மூச்சு விரைவில் தீரும். விழும்போது தலைகுப்புற விழாமல், ஆழம் குறைந்த இடம் என்ற நினைவோடு தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டியபடி வாருங்கள். இழுபட்ட கயிறு பலகையைத் திருப்பி அடிக்கக்கூடும். குளிர்ந்த நீரில் அணியும் ‘வெட்சூட்’ உடைகளுக்குப் பெயர்பெற்ற ஜாக் ஓ’நீல் 1971இல் இப்படித்தான் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார்.

கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தை அடையாளம் காணக் கற்பது இன்னும் முக்கியம். இருபுறமும் அலை உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், நீர் கலங்கி, அமைதியாகத் தோன்றினால் ஐயப்படுங்கள். அந்த அமைதியான இடமே ஆபத்தானது. அதில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக நீந்திக் களைத்துப்போகக் கூடாது. பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, அலை உடையும் பகுதிக்கு வந்து, அதன்பின் கரை திரும்ப வேண்டும். அதுவும் இயலாவிட்டால் பலகைமீது படுத்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

கரையோர நீரோட்டம் வேறு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது பொதுவாக வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே தள்ளும். அரை மணி நேரத்தில் நாம் எவ்வளவோ தூரம் நகர்ந்திருப்போம், உணரவே மாட்டோம். இறங்கும் முன் கரையில் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் கண்ணைக் கவரும் வண்ணத்தில் நிற்கும் ஃபைபர் படகைக் குறித்துக்கொள்வார்கள். சற்று நேரத்தில் மீனவர்கள் அதைக் கடலில் இறக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கட்டடமோ பனைமரமோ போன்ற அசையாத ஒன்றையே குறியுங்கள்.

பல மாதமாக முன்னேற்றமே இல்லை. விட்டுவிடலாமா?

உடைந்து நுரைத்து வரும் அலையில் நிற்கத் தெரிந்த பிறகு, உடையாத அலையைத் தாமே பிடிக்கும் நிலைக்குப் போகும் வரை ஒரு நீண்ட வறண்ட காலம் எல்லோருக்கும் வரும். முன்பு பயிற்றுநர் தள்ளிவிட்டார், இப்போது நாமே இடம் பார்த்து, வேகம் கொடுத்து, நொடி பார்த்து எழ வேண்டும். ஆகவே முன்பைவிட அதிகமாக விழுவோம். திறமை குறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் கடினமான பணி இப்போதுதான் நம் கைக்கு வந்திருக்கிறது.

அக்காலத்தில் எண்ணிக்கையை வைத்து நாளை மதிப்பிடாதீர்கள். எத்தனை அலை பிடித்தேன் என்பதற்குப் பதில், அலை எங்கே உடையும் என்று முன்கூட்டியே சரியாகச் சொன்னேனா, துழாவும்போது முதுகு நிமிர்ந்திருந்ததா என்று ஒவ்வொரு நாளும் ஒன்றை மட்டும் கவனித்துவாருங்கள். இன்னொன்று: எழலாமா வேண்டாமா என்று பாதி மனத்தோடு எழுபவரே மோசமாக விழுகிறார். விடுவதென்றால் முழுமையாக விட்டுவிடுங்கள், எழுவதென்றால் முழுமையாக எழுங்கள். இடையில் தயங்கி நிற்பவரை அலை முகட்டோடு தூக்கிக் கவிழ்க்கும்.

இத்தனைக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். ஒரு விளையாட்டை விடுவதில் குற்றம் எதுவும் இல்லை; யாருக்கும் நாம் கணக்குக் காட்ட வேண்டியதும் இல்லை.

கடலில் மற்றவர்களோடு நடந்துகொள்ள விதிகள் உண்டா?

உண்டு. அலை உடையத் தொடங்கும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. அவர் எழுந்துவிட்டால் மற்றவர்கள் விலக வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் செல்பவர், சறுக்கி வருபவரின் பாதையில் குறுக்கிடாமல் சுற்றிச் செல்ல வேண்டும். பின்னால் ஆள் இருக்கும்போது பலகையைக் கைவிட்டுத் தப்பிக்கக் கூடாது. வலை விரித்திருக்கும் இடத்துக்கும் படகு இறங்கும் வழிக்கும் அருகில் போகவே கூடாது. அக்கடல் மீனவர்களுக்குப் பிழைப்பு, நமக்குப் பொழுதுபோக்கு.

பெண்கள் சேரலாமா? உடை பற்றி என்ன?

தாராளமாகச் சேரலாம், பலர் சேர்கிறார்கள். முழுக்கை மேலாடையும் கணுக்கால்வரை நீளும் ஒட்டிய காலுடையும் ஆண் பெண் இருபாலருக்கும் ஏற்றவை. வெயிலிலிருந்தும் பலகையின் உராய்விலிருந்தும் அவை தோலைக் காக்கின்றன.

குடும்பத்திலும் வேலையிலும் உண்மையிலேயே ஏதாவது மாறியதா?

மாறியவற்றுள் உறுதியாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன். பிள்ளைகளிடம் நான் பேசும் முறை மாறியது. இயற்கணிதம் புரியவில்லை என்று மகள் சொன்னால் முன்பெல்லாம் அதை இன்னும் உரக்க விளக்குவேன். இப்போது, புரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பது வாரந்தோறும் எனக்கு நினைவூட்டப்படுகிறது. பயிற்றுநர் பத்துக் குறைகளைக் கண்டாலும் ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் திருத்துவதைப் பார்த்து, நானும் அவ்வாறே செய்யப் பழகிவருகிறேன்.

வேலையில், கைவிட்டுப் போன வாய்ப்பை நினைத்து நாள்கணக்கில் வருந்தும் வழக்கம் குறைந்திருக்கிறது. தவறவிட்ட அலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பவர் அடுத்து வருவதைத் தலையில் வாங்குவார் என்பது கடலில் ஒவ்வொரு காலையும் மெய்ப்படுகிறது. உடல் அறிந்த ஒன்றை மனமும் மெல்ல ஏற்கிறது. உறக்கமும் உணவும் சீரானது விடியலில் எழ வேண்டிய கட்டாயத்தால் வந்த நன்மை. மற்றபடி, அலைச்சறுக்கு எல்லாக் கவலைகளையும் தீர்த்துவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த வயதில் கற்று எங்கே போய் வெல்லப்போகிறோம்?

வெல்லப்போவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அவர்களுடைய பாதை சிறுவயதில் தொடங்கியது. நமக்குக் கிடைப்பது வேறு: ஒரு திறன் உடலில் மெல்ல ஊறுவதை, அறிந்துகொள்ளும் வயதில், விழிப்போடு கவனிக்கும் வாய்ப்பு. சிறுவயதில் நீச்சலையும் மிதிவண்டியையும் கற்றபோது இதை நாம் கவனிக்கவே இல்லை.

எப்போது கடலில் இறங்கவே கூடாது?

மீனவர்கள் படகு இறக்காத நாளில் இறங்காதீர்கள். காய்ச்சல், உறக்கமின்மை, முந்தைய இரவின் மது ஆகியவற்றோடு இறங்காதீர்கள். தனியாக இறங்காதீர்கள்.

வானம் தெளிந்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். தொலைதூரப் புயலின் அலைகள் உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத நாளிலும் திடீரெனக் கரையேறும். கள்ளக்கடல் என்று அழைக்கப்படும் இந்நிகழ்வு குறித்து ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்னெச்சரிக்கை விடுக்கிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் இத்தகைய எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அந்நாள்களில் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கிளம்பும் முன் அம்மையத்தின் அறிவிப்பைப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அறிவிப்பு இருந்தால், எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருந்தாலும், கட்டணம் திரும்பக் கிடைக்காவிட்டாலும், அன்றைய வகுப்பை விட்டுவிட வேண்டும்.

சொந்தப் பலகை எப்போது வாங்கலாம்?

அவசரப்பட வேண்டாம். வருமானம் உள்ள வயதில் கற்பவர்கள் பொருளை முதலில் வாங்கிவிடுகிறார்கள்; அதிலும் வல்லுநர்கள் பயன்படுத்தும் குட்டையான பலகையை வாங்கி, அதில் மிதக்கவே முடியாமல் திணறுகிறார்கள். உடையாத அலையைப் பிறர் தள்ளாமல் பிடிக்கவும், விரும்பிய பக்கம் திருப்பவும் வரும்வரை பள்ளியின் பலகையே போதும். பிறகும் நீளமானதையே வாங்குங்கள். எந்த அளவு என்பதை உங்கள் எடையும் ஆட்டமும் அறிந்த பயிற்றுநரிடம் கேளுங்கள். வாங்கிய பின் ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் கழுவி நிழலில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச்சென்றால் உள்ளிருக்கும் நுரை வெப்பத்தில் உப்பி, மேலுறை பிரிந்துவிடும்.